பிள்ளைக்காம்பராவில் காற்று பார்த்த கதை

கண்ணுக்குத் தெரியாததை அளப்பது என் தொழில். கண்ணுக்குத் தெரியாத எதற்கும் பயப்படுவது என் பிறவிக் குணம். இந்த இரண்டும் ஒரே உடம்பில் குடியிருக்கக் கூடாது. குடியிருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் டயகம பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். (கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்.)

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளம் புகுந்த வீடு, தீப்பிடித்த கடை, கூரை ஒழுகிப் பாழான ஹோட்டல் என்று எதையும் சுத்தம் செய்து, காயவைத்து, பழையபடி ஆக்கிக் கொடுக்கும் ஒரு கொழும்புக் கம்பனியில் நான் வேலை செய்கிறேன். சுத்தம் செய்கிறவர்கள் வேறு. அவர்கள் முடித்த பிறகு, அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கும் காற்றை ஆள் சுவாசிக்கலாமா என்று பார்த்துச் சொல்வது என் பகுதி. சுவரில் ஈரம் நிற்கிறதா, காற்றில் பூஞ்சணத் தூள் பறக்கிறதா, அடித்த மருந்தின் வாடை தங்கிவிட்டதா என்றெல்லாம் கருவி வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே என் உத்தியோகத்தை, தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில், லயம் லயமாக விளக்கும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டார். "எங்க தம்பி கொழும்புல காத்து பாக்குறாரு" என்பார். "காத்து பாக்குறதுக்கெல்லாம் ஆள் வச்சிருக்கானுங்களா? நாங்க இங்க சும்மாவே பாத்துக்கிட்டுதானே இருக்கோம்" என்று பக்கத்து வீட்டுக் காம்பராவில் கேட்டார்களாம். அம்மா அதற்கும் பதில் வைத்திருந்தார். "அது மிசின் வச்சு பாக்குறதுடி. ஒனக்கு வெளங்காது." (அம்மாவுக்கும் விளங்காது. எனக்கே அப்போது பாதிதான் விளங்கியிருந்தது.)

பயிற்சியின்போது ஒரு குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, பூஞ்சணம் பிடித்த சுவர்களின் படங்களையும், அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களின் நெஞ்சுப் படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரை மூலையைப் பார்ப்பேன். தங்கியிருந்த அறைச் சுவரில் உள்ளங்கையளவு ஈரத்திட்டு ஒன்று இருந்தது. கட்டிலை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் வாசற்படியோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன். அறைத்தோழன் வெளியே போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்படிப்பட்டவனிடம்தான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வந்து சேர்ந்தது.

தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்த வருடத்து மழையில் பின்பக்கத்து மழைநீர்க் கான் உடைத்துக்கொண்டு, சேறும் தண்ணீரும் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. நல்லவேளை, அன்று பௌர்ணமி விடுமுறையான போயா நாள், பிள்ளைகள் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பூத்தது. எங்கள் கம்பனிக்கே வேலை கிடைத்தது. சாந்தைச் சுரண்டி, மருந்தடித்து, பெரிய காற்றாடிகள் வைத்துக் காயவைத்தார்கள். என் மேலதிகாரி நிஹால் சேர் முந்திய வாரமே வந்து காற்று மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, பூஞ்சணம் இல்லை என்று முடிவும் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது கடைசிச் சோதனை மட்டும். அதற்கு வரவேண்டிய நிஹால் சேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"உன் ஊர்தானே, நீயே போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் சிங்களத்தில். "சின்ன வேலை. பயப்பட ஒன்றும் இல்லை."

பயப்பட ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே தொடங்கும்.

சின்ன வேலை என்று அவர் சொன்னாலும், விஷயம் சின்னதல்ல என்பது அக்கா போனில் பேசியபோது புரிந்தது. கலா அக்கா அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். அவள் மகன் தருணுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. வெள்ளம் வந்த நாளிலிருந்து பிள்ளைகளை மாரியம்மன் கோவில் மண்டபத்தில்தான் வைத்திருந்தார்கள். மூன்று பக்கமும் திறந்த மண்டபம். குளிர்காற்றில் ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் சளி. திங்கட்கிழமை திருவிழாவுக்குக் கொடி ஏறுகிறது, அதன் பிறகு மண்டபமும் கிடையாது.

"திங்கக்கெழம பிள்ளைக்காம்பரா தொறக்கலன்னா நான் வேலைக்குப் போகாம நின்னுக்க வேண்டியதுதான் தம்பி. நான் மட்டுமில்ல, கைப்புள்ளக்காரிங்க அத்தன பேரும்தான்" என்றாள். பிறகு, "நீ நல்லபடியா பாத்துச் சொல்லிருவதானே?" என்று கேட்டாள்.

நல்லபடியாகப் பார்ப்பதா, நல்லபடியாகச் சொல்வதா என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சோதனை சனிக்கிழமை காலை. அதற்கு முன்பே பாக்கியம் ஆயாம்மாவுக்குப் போன் செய்தேன். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். என்னையும் அவர்தான் வளர்த்தார். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணி காட்டி, வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களில் போட்டு ஆட்டுவார்.

"ஆயாம்மா, வெள்ளிக்கெழம பின்னேரமே ஜன்னல் கதவு எல்லாத்தையும் பூட்டிருங்க. நான் வார வரைக்கும் தொறக்கக் கூடாது. யாரும் உள்ள போகவும் கூடாது."

"ஏம்பா, பூட்டியே வச்சா வாட அடிக்குமே?"

"அடிக்கட்டும். உள்ள இருக்குற காத்து அப்பிடியே இருக்கணும். அதத்தான் நான் பாக்கணும்."

"சரி சாமி" என்றார். ஆனால் அந்தக் குரலில், வீட்டுக்கு வரும் மாப்பிள்ளை 'எனக்கென்று ஒன்றும் சமைக்காதீங்க' என்று சொன்னால் மாமியார் எப்படிச் 'சரி' என்பாரோ, அந்தச் 'சரி' இருந்தது. நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஹட்டனிலிருந்து பஸ் ஏறினேன். கருவிப் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அதை அணைத்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுக்காரர், "உள்ள உசிர் ஏதும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

இறங்கியபோது பனி விலகி நல்ல வெயில். அம்மா வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள், ஓய்வில் இருந்த ஆண்கள் என்று பிள்ளைக்காம்பரா வாசலில் சிறு திருவிழாக் கூட்டம். ஆயாம்மா புதுச்சேலை கட்டி, என் நெற்றியில் சந்தனப்பொட்டு வைத்தார். உள்ளே போகும்போது முகக்கவசம் போட வேண்டும் என்பது விதி. இத்தனை பேர் பார்க்கையில் அந்தப் பன்றிமூக்கு மாதிரிக் கவசத்தை எடுத்து மாட்ட வெட்கமாக இருந்தது. கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன்.

முதலில் வெளியே ஒரு முறை அளந்தேன். காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று காட்டும் மீட்டர் அது. பச்சை நிறத்தில் சின்னஞ்சிறிய எண் ஒன்று வந்தது. "பாத்தீங்களா, நம்ம ஊரு காத்து!" என்று அம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார், அதை அவரே வீசவைத்தது போல.

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டேன்.

ஆகா, என்ன மணம்! நெஞ்சு நிறைந்துவிட்டது. தரை பளபளவென்று இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் ஆயாம்மா என்று நினைத்துக்கொண்டே மீட்டரை மேசைமேல் வைத்து அழுத்தினேன்.

எண் வந்தது. அது நிற்கவில்லை. ஏறியது. இரண்டு இலக்கம் மூன்றானது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, பிறகு கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அது கத்தும் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று இரண்டாவது கருவியை எடுத்தேன். அது காற்றில் கலந்த ரசாயன வாடையைப் பார்ப்பது. அதுவும் சிவப்பு. ஒரு சாட்சி பொய் சொல்லலாம், இரண்டும் சேர்ந்து பொய் சொல்லுமா?

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மீட்டர் தூசு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். என்ன தூசு என்று அதற்குத் தெரியாது. பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பயம் வரும்போது என் படிப்புதான் எனக்கு முன்னால் ஓடும். சாந்தைச் சுரண்டியபோது பூஞ்சணம் முழுக்கக் காற்றில் ஏறிவிட்டது, ஆய்வுகூடத்துக்கு வேறு எவனுடைய காற்றோ போயிருக்கிறது, இந்த அறை முழுக்க நஞ்சு, நான் ஐந்து நிமிடமாக அதை ஆகா ஆகாவென்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்! நெஞ்சு இறுகியது. நாக்கு மரத்தது போல இருந்தது. பயிற்சியில் பார்த்த நெஞ்சுப் படம் என்னுடையதாகவே கண்முன் வந்து நின்றது.

அப்போதுதான் பின்னறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சின்ன இருமல்.

எனக்குக் காது கேட்காமல் போயிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கத்திய மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வரிசையாக வெறுந்தொட்டில்கள், கடைசித் தொட்டில் மட்டும் கனமாகத் தொங்கியது. உள்ளே தருண். விரலைச் சப்பிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான்.

(பிறகு தெரிந்தது. புதுப்பித்த இடத்தில் முதலில் படுக்கும் பிள்ளை தன் பேரனாக இருக்கட்டும் என்று, அக்கா மலைக்குப் போன பிறகு, அம்மாதான் சமையல் குசினிக் கதவு வழியாக நல்ல நேரம் பார்த்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 'யாரும் உள்ளே போகக்கூடாது' என்றால் அது ஊருக்குத்தான், உத்தியோகத்தனின் தாய்க்கு அல்ல.)

அவனை அள்ளினேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு முகக்கவசம். அதை அவன் முகத்தில் மாட்டினேன். நெற்றி முதல் தொப்புள்வரை மூடிக்கொண்டது. அதுவரை சிரித்த பிள்ளை, உயிர் போகிற மாதிரி வீரிட்டான். சரி, நஞ்சு ஏறிவிட்டது என்று முடிவு செய்தேன். கதவை உதைத்துத் திறந்து, எனக்கே அறிமுகமில்லாத ஒரு குரலில் கத்தினேன்.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! கீழ ஓடுங்க!"

'கீழே' என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எங்கள் மலையில் பிறந்த எவனும் அப்படிக் கத்தக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த காலத்தில் ஒருவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னால், யாரும் ஏன் என்று கேட்க நிற்பதில்லை. ஒருமுறை மேலே மலையைப் பார்ப்பார்கள், பிறகு ஓடுவார்கள். மண் சரிந்தால் பேச நேரம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் ஓடியது. யாரோ கோவில் மணியை அடித்தார்கள். மணி கேட்டு ஃபெக்டரியில் சங்கை ஊதினார்கள். சங்கு கேட்டு மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை வீசிவிட்டு இறங்கினார்கள். லயங்களிலிருந்து ஆட்கள் கோழியும் அடையாள அட்டையுமாக வந்தார்கள். ஒருவர் டீவியைத் தூக்கிக்கொண்டு வந்தார், வயர் பின்னால் இழுபட்டது. சிறிது நேரத்தில் தோட்டம் முழுவதும் விளையாட்டு மைதானத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலை பேசாமல் நின்றது.

மைதானத்தின் நடுவில் நான் நின்றேன், கையில் கவசம் போட்ட பிள்ளையோடு.

கலா அக்கா மலையிலிருந்து வந்த வேகத்தை நான் மறக்க முடியாது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு பாதி அவிழ்ந்து, முழங்காலில் சிராய்ப்போடு, வாய் திறந்தபடி வந்தாள். "புள்ள எங்க? எம்புள்ள எங்க?" என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டுக்கொண்டே வந்தாள். என் கையில் பார்த்ததும் பிடுங்கிக் கவசத்தைக் கழற்றினாள். தருண் அழுகையை நிறுத்தி அவள் முடியைப் பிடித்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்த நான், அவளைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று பயப்பட ஆரம்பித்தேன்.

ஜீப்பில் துரை வந்து இறங்கினார். எங்கள் தோட்டத்து மனேஜர். சிறுவயதில் அவர் தொப்பியைத் தூரத்தில் கண்டாலே தேயிலைக்குள் ஒளிந்துகொள்வோம்.

"எங்கே சரிஞ்சது?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சரியல தொரை" என்றேன். "பிள்ளைக்காம்பராவுல... காத்து. காத்து சரியில்ல தொரை. உள்ள விஷம்."

"காத்தா?" மைதானம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. டீவியைத் தூக்கி வந்தவர் அதை மெல்லத் தரையில் வைத்தார்.

நான் மீட்டரைக் காட்டி விளக்கத் தொடங்கினேன். பூஞ்சணம், நெஞ்சு, நுரையீரல் என்று தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். திறந்த வெளியில் மீட்டர் பழையபடி பச்சைக்கு இறங்கி, என்னைப் பொய்யனாக்கிக்கொண்டிருந்தது. "உள்ள போனா செவப்பு தொரை, நெசமாதான்" என்றேன்.

அந்த நேரத்தில்தான் பாக்கியம் ஆயாம்மா மைதானத்துக்குள் வந்தார். பயந்த பிள்ளைகளுக்குப் பயம் தெளிய வேண்டும் என்று, தணல் போட்ட தட்டில் சாம்பிராணி தூவி, புகை குபுகுபுவென்று வர ஒவ்வொரு பிள்ளையாகக் காட்டிக்கொண்டு வந்தார். தருணுக்குக் காட்ட எங்கள் அருகில் குனிந்தார்.

என் கையில் இருந்த மீட்டர் கீச் கீச்சென்று கத்தியது. சிவப்பு.

ஆயாம்மா திடுக்கிட்டு இரண்டடி பின்னால் போனார். மீட்டர் அடங்கியது. துரை என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு விரலால் சைகை காட்டி ஆயாம்மாவைக் கிட்ட வரச் சொன்னார். கிட்ட வந்தார். கீச் கீச். போகச் சொன்னார். அடங்கியது. இன்னொரு முறை வரச் சொன்னார். (இந்த மூன்றாவது முறை தேவையில்லாதது. அவர் அதை ரசிக்க ஆரம்பித்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.)

"ஆயாம்மா, இத உள்ளேயும் போட்டீங்களா?"

"போடாம இருப்பேனா தொரை?" என்றார் ஆயாம்மா பெருமையாக. "தம்பி வாறாரு, வாட அடிக்கக் கூடாதுன்னு விடியக்கால ரெண்டு தட்டு போட்டேன். ஊதுபத்தியும் கொளுத்தி வச்சேன். மூலைக்கு மூல பூச்சி உருண்ட. தரைக்கு மருந்து ஊத்திக் கழுவுனேன். தம்பி சொன்ன மாதிரியே ஜன்னல பூட்டுனதால நல்லா கம்முன்னு உள்ளேயே நின்னுச்சு."

துரை என் பக்கம் திரும்பினார். "தம்பி, உனக்கு மூக்கு இல்லையா?"

"இருக்கு தொரை."

"உள்ளே போனப்ப மணக்கலையா?"

"மணந்துச்சு தொரை. ஆனா... அது நல்ல வாசந்தானே?"

வேறு என்ன சொல்ல? சுத்தம் என்றால் எனக்கு அந்த மணம்தான். அந்த மணத்தில்தான் வளர்ந்தேன். கொழும்பிலிருந்து வேறு எவன் வந்திருந்தாலும் வாசலிலேயே தும்மிவிட்டு, ஜன்னலைத் திறங்கள் என்று சொல்லியிருப்பான். எனக்கு அது ஒரு வாசனையாகவே படவில்லை, பளபளப்பான தரையின் ஒரு பகுதியாகப் பட்டது.

துரை ஜீப்பின் படியில் உட்கார்ந்து தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன்.

சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியபோது இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் ஆயாம்மா. "என் சாம்பிராணியவா வெசம்னு சொன்னே? அதக் காட்டித்தானேடா ஒன்ன ஆளாக்குனேன்!" என்று தட்டோடு நகர்ந்துவிட்டார். மற்றவள் அக்கா. அவள் எழுந்து வந்து, துரை, கங்காணி, ஊர் எல்லாம் பார்க்க என் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நிஹால் சேருக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் ஒரு நீண்ட காய்ச்சல் இருமல். வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"மீட்டர் நன்றாக வேலை செய்கிறது" என்றார் கடைசியில். "அது ஒரு நல்ல செய்தி. எல்லாவற்றையும் திற, காற்றோடவிடு, துடை, திரும்பப் பூட்டி நாளைக்குப் பார். அந்த அம்மாவைப் பக்கத்தில் விடாதே."

பக்கத்தில் விடாமல் இருப்பது லேசான காரியமா? "அப்ப நாளைக்கு என்னாத்த போடுறது?" என்று கேட்டார் ஆயாம்மா, கோபம் ஆறாமலே. "ஒண்ணுமே போடாதீங்க ஆயாம்மா." "ஒண்ணுமே போடாம புள்ளைங்கள எப்பிடிப்பா உள்ள விடுறது? நாளப்பின்ன யாராச்சும் என்ன கேக்க மாட்டாங்க?" கடைசியில், புகை போடுவதென்றால் வெளி வராந்தாவில் மட்டும் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அது இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். பச்சை. மூலைக்கு மூலை, தொட்டிலுக்குத் தொட்டில் அளந்தேன். சுவர் காய்ந்திருந்தது. வாடை இல்லை. பயத்தில் ஒவ்வொன்றையும் திரும்பவும் அளந்தேன். அத்தனையும் பச்சை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்கும் நேரம். கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் பிள்ளைக்காம்பரா பக்கம் போகவில்லை. கோவிலில் கொடிமரத்துக்கு மாலை கட்டியாகிவிட்டது. மண்டபமும் இல்லை.

"நல்லாருக்குங்க. காத்து சுத்தமா இருக்கு. ரிப்போர்ட்டே எழுதிட்டேன்" என்று நான் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினேன்.

"மிசின் நல்லாருக்குன்னு சொல்லுது தம்பி, சரி" என்றாள் ஒருத்தி. "ஆனா முந்தாநாத்து நீங்க ஓடுன ஓட்டத்த நாங்க பாத்தோமே."

அக்காவிடம் போனேன். அடித்த பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

"ஒன் ரிப்போர்ட்ட வாசிச்சேன் தம்பி" என்றாள். "ஒன் காலையும் பாத்தேன். நான் காலத்தான் நம்புறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திறக்காவிட்டால் அவர்கள் வேலை போகும் என்பது ஒரு பக்கம். சுத்தமான ஓர் அறையை, என் பயத்தால் மட்டும், யாரும் நுழையாத இடமாக ஆக்கிவிட்டேன் என்பது இன்னொரு பக்கம். வெள்ளம் செய்ததைக் கம்பனி சரிசெய்துவிட்டது. நான் செய்ததை எந்தக் காற்றாடியை வைத்துக் காயவைப்பது?

"அப்ப நான் என்னா செஞ்சா நம்புவீங்க?" என்றேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நீயே உள்ள இரு" என்றாள் அக்கா. "ஜன்னல சாத்திக்கிட்டு இரு. மத்தியானம் கொழுந்து நிறுக்குற வரைக்கும் நல்லாருந்தா, பொறவு பாப்போம்."

அறை சுத்தம் என்று எனக்குத் தெரியும், நானே அளந்தது. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், முதல் அரைமணி நேரம் மெதுவாகத்தான் மூச்சுவிட்டேன். மீட்டர் மடியில் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதை நம்பினேன், என் வயிறு நம்பவில்லை.

அன்று வேலைக்குப் போன பெண்கள் எல்லோரும் பிள்ளைக்காம்பரா வழியாகவே போனார்கள். (அது மலைக்குப் போகும் வழியே இல்லை.) ஒவ்வொருத்தியும் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள்.

"தம்பி, மூச்சு இருக்கா?"

"இருக்குங்க."

கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. "தம்பி, மூச்சு இருக்கா?"

"இருக்குக்கா."

துரையும் ஜீப்பை நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார். "மூச்சு?" என்றார். "இருக்கு தொரை" என்றேன்.

வெயில் ஏறிய பிறகு கதவு திறந்தது. அக்கா. தருணைக் கடைசித் தொட்டிலில் போட்டாள். தொட்டில் கயிற்றை என் கையில் கொடுத்தாள். "நீ ஓடுனா இவனத் தூக்கிக்கிட்டுத்தான் ஓடுவ. அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மலைக்குப் போனாள்.

அதைக் கண்டு பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி வந்தாள். பிறகு இன்னொருத்தி. மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது தொட்டில்கள் நிறைந்து, ஆயாம்மா இரண்டு கையாலும் ஆட்ட, நான் கையால் ஒன்றும் கால் பெருவிரலில் கயிறு கட்டி இன்னொன்றும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து நிஹால் சேர் போன் செய்தார். "எங்கே இருக்கிறாய்? பின்னால் என்ன சத்தம்?" என்றார். "சைட்டில் சேர்" என்றேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது நுவரெலியாவின் பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் போய்க் காற்று பார்க்கிறேன். மீட்டர் கத்தினால், முதலில் மூக்கைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை. அம்மா "மூச்சு இருக்கா?" என்பார். ஆயாம்மாவும் அப்படித்தான். ஊரில் இறங்கினால் பஸ் கண்டக்டரே கேட்கிறார்.

தருண் பேச ஆரம்பித்தபோது அவனும் பிடித்துக்கொண்டான். அன்றைய கதை எதுவும் அவனுக்குத் தெரியாது. மாமாவிடம் அப்படித்தான் நலம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனைப் பிடுங்கி, வாயோடு ஒட்ட வைத்து, மூச்சு வாங்க வாங்கக் கேட்பான்.

"மாமா, மூச்சு இருக்கா?"

"இருக்குடா மருமகனே."

"அப்ப சரி" என்று வைத்துவிடுவான். நான் திருப்பிக் கேட்பதில்லை. அவன் மூச்சு வாங்கும் சத்தத்தைத்தான் அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தேனே.